ஐதரசனின் தூதன்

தை மாதத்து இரவில் வெள்ளவத்தைக் கடற்கரையில் அண்ணாந்து பார்ப்போர், வரிசையாய் நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அருகே மங்கலானதோர் ஒளித்திட்டைக் காணலாம். அதற்கு அப்பால், விண்மீன்கள் பிறக்கும் ஒரியன் முகில் உளது. தன் எடையால் அது சுருங்கி விண்மீனாகுமா என்றறிய, அதிலுள்ள ஐதரசனை அளக்கவேண்டும். அக்கடுங்குளிரிலோ ஐதரசன் மூலக்கூறு வாய் திறப்பதில்லை.

1970இல் அரிசோனாவிலே வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகியோர், நேயர்கள் முள்ளைத் திருப்பி நிலையம் பிடிப்பதுபோல, 2.6 மில்லிமீற்றர் அலைநீளத்தில் அங்கிருந்து காபனோரொட்சைட்டின் குரலைக் கேட்டனர். ஏறத்தாழப் பதினாயிரம் ஐதரசன் மூலக்கூறுகளுக்கு ஒன்றாயுள்ள இவ்வாயு, தன் சுழற்சி தணியும்போது அவ்வலையை விடுகிறது. அதைக்கொண்டு ஐதரசனைக் கணக்கிடலாம்.

ஆயினும் தூதன் சொல்வதனைத்தையும் நம்புதற்கில்லை. முகில் அடர்ந்தவிடத்தில் அவ்வலையை அவ்வாயுவே விழுங்கிவிடும். மேற்பரப்பின் செய்தியே நம்மை எட்டும். ஆதலின் ஆய்வாளர், காபன்-13 கொண்ட அரிதான மூலக்கூறின் அலையையும் தேடுகின்றனர். அது முகிலின் உள்ளிருந்தும் வருகிறது.