நீதிமொழிகளில் ‘பேதை’: பாலாற்றுத் தோல் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

எபிரேய விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் அறிவின்மையை ஒற்றைச் சொல்லால் சுட்டுவதில்லை. எதையும் எளிதில் நம்புபவனாயினும் கற்பித்தால் திருந்தக்கூடியவன் ‘பெத்தி’. கண்டித்தாலும் தன் வழியை விடாதவன் ‘கெசீல்’. 1871ஆம் ஆண்டின் பவர் திருத்தத்தை ஒட்டி வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பு முன்னவனைப் ‘பேதை’ என்றும், பின்னவனை இடத்திற்கேற்ப ‘மூடன்’, ‘மதியீனன்’ என்றும் குறிக்கின்றது. நூலின் முகவுரையோ பேதையரையே தன் மாணாக்கராக ஏற்கின்றது (1:4).

தமிழ் வாசகர்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கற்று, உணர்ந்து, பிறர்க்கும் எடுத்துரைத்துத் தான் மட்டும் அடங்காதவனையே திருக்குறள் பேதையருள் பெரும்பேதை என்கின்றது (834). எபிரேய வழக்கில் அவன் கெசீலுக்கே நெருங்கியவன். எனவே குறட்பயிற்சியுடையார் நீதிமொழிகளின் பேதையைத் திருந்தாதவனாகக் கொள்ள நேர்கின்றது.

இவ்வேறுபாடு முன்னறிதலைப் பேசுமிடத்தில் தெளிவாகின்றது. விவேகி தீங்கை முன்கண்டு ஒதுங்குகின்றான்; பேதையர் நேரே சென்று துன்புறுகின்றனர் (22:3; 27:12). குறள் 429இன் கருத்தும் இதனோடு ஒப்பது. (விவேகியைக் குறிக்கும் ‘அரூம்’ என்னும் சொல்லே ஆதியாகமத்தில் பாம்பின் தந்திரத்தையும் குறிக்கின்றது, மூலநூல் இவ்விரண்டையும் ஒரு சொல்லுக்குள் வைத்திருப்பது எண்ணத்தக்கது.)

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் இதற்குப் பொருத்தமான களம். ஆவாரம்பட்டைப் பதனீட்டிலிருந்து குரோமிய முறைக்கு மாறிய தொடக்கக் காலத்தில், விளைவறியாமை என்று ஒருவேளை வாதிடலாம். அது பெத்தியின் நிலை. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவ்வாதத்திற்கு இடமில்லாமற் செய்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயனற்றுப்போனதைத் தீர்ப்பு பதிவு செய்தது. தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. நீதிமொழிகள் 22:3இன் கருத்து, மறைநூற் சார்பின்றி, சட்டமொழியில் எழுந்ததாகவே இதனைக் கொள்ளலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்த பின்னரும், அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. அறிந்தபின் தொடரும் பிழைக்குரிய சொல் ‘கெசீல்’ (26:11).

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. நீதிமொழிகளில் முன்னறியாதவனே துன்புறுகின்றான். பாலாற்றங்கரையிலோ கழிவை விட்டவர் ஒருவர். கிணற்றையும் நிலத்தையும் இழந்த உழவர் வேறொருவர். வினைக்கும் விளைவுக்கும் இடையே அறுந்த இத்தொடர்பையே, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிய மற்றொரு கோட்பாடு மீண்டும் பிணைக்க முயல்கின்றது.