வயிற்றுச் சத்திரசிகிச்சையின் பின்

பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலிருந்து படுவான்கரை ஊரொன்றுக்குத் திரும்புகின்றார். ஆபத்து நீங்கிற்று என்று வீட்டார் ஆறுதல் கொள்வது இயல்பே. ஆயினும், எதிர்பாராத சிக்கல்கள் சில தலைகாட்டுவது அதன் பின்னரேயாம்.

சத்திரசிகிச்சையின்போது கைபட்ட குடல் ஓரிரு நாட்கள் அசைவற்றுக் கிடக்கும். வாயு பிரிதலே அது மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அறிகுறி. வைத்தியரும் தாதியரும் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்பதைச் சிலர் நகைப்புக்குரியதாகக் கருதுவர்; உண்மையில் அதனினும் பயனுள்ள கேள்வி வேறில்லை. வீடு வந்த பின் வாயுவும் மலமும் நின்று, வயிறு உப்பி, பச்சை நிறமாக வாந்தி வருமாயின், அது குடல் அடைபட்டதைக் குறிக்கலாம். குடலை வெட்டி இணைத்த இடத்திற் கசிவு ஏற்படுவதும் உண்டு. பெரும்பாலும் முதல் வாரத்தின் பிற்பகுதியில் அது வெளிப்படும். குறைந்துவந்த நோ மீண்டும் கூடுதல், காய்ச்சல், நாடி விரைந்தோடல் என்பன அதன் குறிகள். இவ்வேளையில் ஓமத்தண்ணீரும் பேதி மருந்தும் கொடுத்துக் காலங்கழிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இந்தி நடிகர் அமிதாப் பச்சன் 1982 ஜூலையில், பெங்களூரில் 'கூலி' படப்பிடிப்பின்போது வயிற்றில் அடிபட்டதை நேயர் பலர் அறிவர். குடற்காயத்துக்காக அங்கே சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் நிலை மோசமாகிப் பம்பாயில் மீண்டும் வயிறு திறக்கப்பட்டது. செப்டெம்பரிலேதான் அவர் வீடு திரும்பினார். அப்போது பலர் கொடுத்த இரத்தத்தின் வழியே ஹெபடைட்டிஸ் பி கிருமி தம் உடலிற் புகுந்ததென்றும், பல ஆண்டுகள் கழிந்தே அது தெரியவந்ததென்றும், அதற்குள் ஈரலின் முக்காற்பங்கு பழுதுற்றதென்றும் அவரே பின்னாளிற் பொதுமேடைகளிற் கூறினார். இன்று இரத்தம் சோதிக்கப்பட்ட பின்னரே ஏற்றப்படுகின்றது. எனினும், சிக்கல் எத்துணைக் காலந்தாழ்த்தும் வரலாம் என்பதற்கு அது சான்று.

ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே, காயத்தின் மேலுள்ள துணி திடீரெனச் செந்நீர் போன்ற மெல்லிய கசிவால் நனையுமாயின் மிக்க கவனம் வேண்டும். உள்தையல் விட்டுப்போவதன் முன்னறிவிப்பு அது. குடல் வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளலாகாது. கொதித்தாறிய நீரில் நனைத்த தூய துணியால் மூடி, முழங்காலை மடித்துப் படுக்கவைத்து, உணவோ நீரோ கொடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆடாது அசையாது கிடப்பதே நலம் என்று முதியோர் கூறுவர். வைத்தியரோ மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வர். கிடந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறையும். அவ்வுறைவு நுரையீரலை அடையின் மூச்சு முட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அதைத் தேய்த்துவிடலாகாது.

கிரந்தி என்று மீனையும் முட்டையையும் விலக்குவது நம் நாட்டு வழக்கம். காயம் ஆறுவதற்குப் புரதமே முதல். வைத்தியர் தடுத்தாலன்றி வாவி மீனை விலக்கவேண்டியதில்லை. வாவியிற் குளிப்பதையும் வயலிற் சேறு மிதிப்பதையும் காயம் முற்றாக ஆறும்வரை தவிர்த்தல் வேண்டும். சேற்றிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் நோய்க்கிருமி இலங்கையிலும் உண்டு. நீரிழிவுக்காரரை அது எளிதிற் பற்றும். நெல்மூட்டை தூக்குவோர் குறைந்தது ஆறு வாரமேனும் பொறுத்திருத்தல் நன்று. இல்லையேல் தையலிட்ட இடத்திற் குடல் பிதுங்கலாம்.

மண்முனைத்துறையிற் பாலம் திறக்கப்பட்ட 2014 வரை, அங்கு வாவியைக் கடக்கப் பாதைப்படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில், "விடியட்டும், பார்ப்போம்" என்றதற்குப் பொருள் இருந்தது. இன்று 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியுலன்ஸ் வரும். புறப்படும்போது, வைத்தியசாலையில் முன்னர் தந்த நோய்நிர்ணய அட்டையையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மறவாது எடுத்துச்செல்ல வேண்டும். என்ன சத்திரசிகிச்சை, எந்நாளிற் செய்யப்பட்டது என்பதை அவ்வட்டையைக் கொண்டே இரவுக் கடமையிலுள்ள வைத்தியர் அறிந்துகொள்வார்.