பேரனின் காதுக்குத் தாத்தா பொறுப்பா?

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அங்கே ஆண்டுக் கணக்கில் டிரில் பிடித்தவர்கள், வேட்டுச் சத்தம் கேட்டவர்கள் பலருக்குக் காது மந்தமாகிவிட்டது. அத்தகைய வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காவிட்டால், "தாத்தா காது பேரனுக்கு இறங்கிவிட்டது" என்பார்கள். அல்லது பழியை மருமகள் தலையில் போடுவார்கள். இரண்டும் தவறு.

இரைச்சலால் கெடுவது உள்காதின் நுண்ணிய மயிர் செல்கள். அந்தச் சேதம் தாத்தாவோடு நின்றுவிடும். வாரிசுக்கு இறங்குவது ஜீன்தான்.

ஜீன்கள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஜோடியாக வருகின்றன. ஓங்கு ஜீன் ஒன்று இருந்தாலே குணம் தெரியும். ஒடுங்கு ஜீன் இரண்டு சேர்ந்தால்தான் வெளிப்படும். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் மெண்டல் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையே. அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. மறைந்திருந்த குட்டை, நாலில் ஒரு பங்காகத் திரும்பி வந்தது. இதை அவர் 1866-ல் வெளியிட்டார்.

பிறவிக் காது கேளாமைக்குக் கர்ப்ப கால ருபெல்லா போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் பரம்பரையாக வருவதில் பெரும்பகுதி ஒடுங்கு ஜீனால் வருவதே. கனெக்சின்-26 என்ற ஜீனின் பழுது இதற்குக் காரணமாவது 1997-ல் தெரியவந்தது. இதில் நன்றாகக் காது கேட்கும் தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு பழுதைக் கொடுக்கிறார்கள். பங்கு இருவருக்கும் சமம்.

சொந்தத்தில் பெண் எடுக்கும் வழக்கம் இங்கேதான் கணக்கில் வருகிறது. தாய்மாமனிடம் பழுதான ஜீன் ஒன்று மறைந்திருந்தால், அக்காள் மகளிடமும் அதே ஜீன் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் எட்டில் ஒன்று. எனவே பிள்ளைக்குக் குறை வரும் வாய்ப்பு முதல் மணத்தில் 16-ல் 1, இரண்டாவதில் 32-ல் 1. பெரும்பாலான பிள்ளைகள் குறையின்றியே பிறப்பதால்தான் ஆபத்து கண்ணில் படுவதில்லை.

பெற்றோர் இருவரிடமும் பழுது இருப்பது உறுதியானால் வாய்ப்பு நாலில் ஒன்று. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று எண்ணுவதும் பிழை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

குடும்பத்தில் பிறவிக் குறை இருந்தால், சொந்தத்தில் நிச்சயதார்த்தத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்திலேயே காதுப் பரிசோதனை செய்யலாம். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்துக் கருவி பொருத்தினால் பிள்ளை பேசக் கற்கும். மருமகளை ஏசினால் எதுவும் மாறாது.