“உலகின் முன்னணி விஞ்ஞானி” என்றால் யார்?

“உலகின் முதல் இரண்டு வீத விஞ்ஞானிகளுள் ஒருவர் சொல்கிறார்...” என்ற அறிமுகத்தோடு வரும் மருத்துவக் காணொளிகள் எம்மவர் வீடுகளுக்கு நாள்தோறும் வந்து சேர்கின்றன. எமது ஒன்றுகூடல் ஒன்றில் ஓர் அன்பர் கவலையோடு எம்மிடம் பேசினார். அப்படியான ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அவரது தந்தையார் நீரிழிவு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டாராம். “அவ்வளவு பெரிய விஞ்ஞானி பிழையாகச் சொல்லுவாரோ?” என்பதுதான் அந்த ஐயாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆகவே இந்தத் தரவரிசைகள் எப்படி உருவாகின்றன என்று இம்முறை பார்ப்போம்.

எதை எண்ணுகிறார்கள்?

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் எழுதியவர்களின் கட்டுரைகளைச் சுட்டிக் காட்டுவார். இதை மேற்கோள் என்பர். அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் 1964இல் விஞ்ஞான மேற்கோள்களுக்கான அட்டவணையை வெளியிட்டார். தேவையான ஆய்வுகளைத் தேடிப் பிடிப்பதற்காக வந்த இந்தக் கருவி, நாளடைவில் ஆட்களை அளக்கும் அளவுகோலாகவும் மாறிவிட்டது.

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ‘எச் சுட்டெண்’ என்ற கணக்கை முன்வைத்தார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 50, 18, 6, 4, 2 தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டதாக வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோள்களாவது பெற்றவை நான்கு கட்டுரைகள். எனவே அவரது எச் சுட்டெண் 4. ஒரேயொரு கட்டுரை எழுதி அது ஈராயிரம் மேற்கோள்கள் பெற்றாலும் சுட்டெண் 1தான்! இந்த எண் ஒருபோதும் குறைவதில்லை என்பதால் மூத்தவர்களுக்கே சாதகமானது. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் வழக்கமும் வேறுபடும்.

காணொளிகளில் அடிபடும் ‘இரண்டு வீதப் பட்டியல்’, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிஸ் குழுவினர் 2019 முதல் வெளியிட்டு வருவது. மேற்கோள், எச் சுட்டெண், கட்டுரையில் பெயர் இடம்பெறும் வரிசை போன்ற ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணிக்கிறார்கள். இதில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் உள்ளனர்.

எண்ணிக்கை சொல்லாதது

மேற்கோள் என்றால் பாராட்டு என்று பொருளல்ல. 1998இல் அண்ட்ரூ வேக்ஃபீல்ட் குழுவினர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை, எம்.எம்.ஆர் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தைப் பரப்பியது. பெற்றோர் பலர் தடுப்பூசியைத் தவிர்த்தனர். ‘லான்செட்’ இதழ் 2010இல் அக்கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது. அதை மேற்கோள் காட்டிய ஏறத்தாழ 1,150 வெளியீடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 73 வீதமளவில் அதை எதிர்மறையாகவே குறிப்பிட்டதாகக் காட்டியது. ஆனால் எண்ணிக்கையில் கண்டனமும் ஒன்று, பாராட்டும் ஒன்று!

அதிக மேற்கோள் பெற்ற விஞ்ஞானிகளின் வாழ்நாள் பட்டியலிலேயே 3.3 வீதமானோருக்கு மீளப்பெறப்பட்ட கட்டுரை ஒன்றாவது இருந்ததாக, 2025இல் அயோனிடிஸ் குழுவினரே எழுதினர்.

மறுபக்கமும் உண்டு. எம்.ஆர்.என்.ஏ ஆய்வில் விடாப்பிடியாக நின்ற கட்டலின் கரிக்கோ, ஆய்வுக்கு நிதி கிடைக்காத நிலையில் 1995இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். கொரோனாத் தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த அந்த ஆய்வுக்காக 2023இல் ட்ரூ வைஸ்மனுடன் நோபல் பரிசு பெற்றார்.

நாம் கேட்க வேண்டியவை

தரவரிசை பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. ஒருவரின் ஆய்வு அவரது துறையில் எவ்வளவு பேசப்படுகிறது என்பதை அது காட்டும். எமது நோய்க்கு எது மருந்து என்பதைக் காட்டாது. ஆகவே அடுத்த காணொளி வரும்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

• அவர் முன்னணியில் இருக்கும் துறையும் எமது நோயும் ஒன்றா?
• அவர் சொல்வது மனிதரிடம் பரிசோதிக்கப்பட்டதா, எலிகளிடம் மட்டுமா?
• வேறு குழுவினர் செய்து பார்த்தபோதும் அதே முடிவு கிடைத்ததா?
• அதை விற்பதால் அவருக்கு வருமானம் உண்டா?

பதில் தெரியாவிட்டால் காணொளியைக் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

அந்த ஐயாவும் பின்னர் மகனோடு வைத்தியரிடம் போனார். இரத்தத்தில் சீனியின் அளவு கூடியிருந்தது. இப்போது மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார். காணொளியில் வந்த விஞ்ஞானிக்கு உலகத் தரவரிசை தெரிந்திருக்கலாம். ஐயாவின் இரத்தப் பரிசோதனை முடிவு தெரிந்தவர் அவரது வைத்தியர்தான்.