அளவு மாறினால் நிறம் மாறும்

டிவி விற்கும் கடைக்குப் போனால் சில பெட்டிகளின் மேல் ‘க்யூஎல்இடி’ என்றோ ‘குவாண்டம் டாட்’ என்றோ பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் விலை, திரைக்குள் அடைபட்டிருக்கும் மிக மிகச் சிறிய படிகங்களுக்கானது. அவை ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஏன் அவ்வளவு காலம்?

முதலில் அவற்றின் அளவைப் பார்த்துவிடலாம். உங்கள் அடிஸ்கேலில் மிகச் சிறிய கோடு இரண்டுக்கு நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர். அதைப் பத்து லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். காட்மியம் செலினைடு என்ற பொருளை 2 நானோமீட்டர் அளவுள்ள படிகங்களாக்கி ஒளியூட்டினால் நீலமாக ஒளிரும். 6 நானோமீட்டர் ஆக்கினால் சிவப்பு. நடுவே பச்சை, மஞ்சள் எல்லாம் வரும். சாயம் எதுவும் சேர்க்கவில்லை, பொருளும் மாறவில்லை. மாறியது அளவு மட்டும்தான்!

காரணம் எலெக்ட்ரான். அது உலவுவதற்குப் படிகத்துக்குள் இருக்கும் இடம் குறையக் குறைய, அதன் ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. மேல்நிலைக்கு ஏறிய எலெக்ட்ரான் கீழே இறங்கும்போது அந்த ஆற்றலை ஒளியாக வெளியிடும். இடைவெளி அதிகமென்றால் நீலம், குறைவென்றால் சிவப்பு. இப்படிப்பட்ட படிகத்துக்குத்தான் குவாண்டம் புள்ளி என்று பெயர்.

இதை முதலில் கவனித்தவர் சோவியத் ஒன்றியத்தின் அலெக்ஸி எகிமோவ். செப்பு குளோரைடு கலந்த கண்ணாடியைச் சூடாக்கி, அதற்குள் விளைந்த படிகங்களின் அளவுக்கேற்பக் கண்ணாடி ஒளியை உறிஞ்சும் விதம் மாறுவதை 1981இல் வெளியிட்டார். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் லூயிஸ் புருஸுக்கு இந்தச் செய்தி தெரியாது. அவர் காட்மியம் சல்பைடு துகள்கள் மிதக்கும் கரைசலை மேசைமேல் விட்டுவைத்திருந்தார். பிறகு அளந்தால், ஒளியியல் பண்புகள் மாறிப்போயிருந்தன! சும்மா இருந்த நேரத்தில் துகள்கள் வளர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. சுமார் 4.5 நானோமீட்டர் அளவில் புதிதாகத் துகள்களைச் செய்து, 12.5 நானோமீட்டர் வரை வளர்ந்திருந்த பழைய துகள்களோடு ஒப்பிட்டார். சந்தேகம் சரிதான். 1983இல் அதை வெளியிட்டார். விட்டுவைத்த கரைசலைக் கொட்டிவிடாமல் மறுபடி அளந்து பார்த்தாரே, அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் இதை வைத்து வியாபாரம் செய்ய முடியவில்லை. அன்றைய முறைகளில் படிகங்கள் சிறிதும் பெரிதுமாகவே விளைந்தன. அளவு கலந்தால் நிறமும் கலந்துவிடும். அப்படி மங்கிய நிறத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

இந்தச் சிக்கலை 1993இல் அவிழ்த்தவர், புருஸிடம் பயிற்சி பெற்று எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போன மௌங்கி பவெண்டி. வீட்டில் பூந்தி பொரிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மாவுத் துளிகள் ஒரே நேரத்தில் காய்ந்த எண்ணெயில் விழுந்தால்தான் எல்லா மணிகளும் ஒரே பக்குவத்தில் வரும். பவெண்டியின் குழுவும் சூடான கரைப்பானுக்குள் மூலப்பொருளை ஒரே வீச்சில் செலுத்தியது. அந்த நொடியே படிகக் கருக்கள் மொத்தமாகப் பிறந்தன. சூடு சட்டென்று இறங்கியதால் புதிய கருக்கள் உருவாகவில்லை. பிறந்தவை எல்லாம் சேர்ந்து ஒரே சீராக வளர்ந்தன. வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சந்தைக்குக் கதவு திறந்தது இந்தச் செய்முறையால்தான். எம்ஐடியிலிருந்து கிளைத்த க்யூடி விஷன் என்ற சிறு நிறுவனம், புள்ளிகளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தந்தது. 2013இல் சோனி அதைத் தன் டிவியின் ஓரத்தில் பொருத்தி விற்றது. நீல விளக்கின் ஒளி குழாய்க்குள் நுழையும். அதில் ஒரு பங்கைப் புள்ளிகள் தூய பச்சையாகவும் தூய சிவப்பாகவும் மாற்றிவிடும். மூன்று நிறமும் தெளிவாகக் கிடைத்தால் படம் பளிச்சென்று தெரியாதா என்ன!

இன்னொரு தடை இருந்தது. காட்மியம் நச்சு உலோகம். மின் சாதனப் பொருள்களில் அது 0.01 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பாவின் பொதுவிதி. ஆகவே காட்மியம் இல்லாமலே, இண்டியம் பாஸ்பைடு போன்ற பொருளில் புள்ளி செய்யும் வழியைத் தேடினார்கள். 2015இல் சாம்சங் காட்மியம் இல்லாத புள்ளிகளோடு டிவியை இறக்கியது. என்னைக் கேட்டால், நிறத்தைவிடப் பெரிய முன்னேற்றம் இதுதான். பழுதான டிவி ஒருநாள் குப்பைக்கும் போகும், இல்லையா?

எல்லா நானோ பொருளுக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. எஃகைவிடப் பல மடங்கு வலிமையான கார்பன் நானோ குழாய்களை ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் விளக்கிக் காட்டியதும் தொழிலுலகம் பரபரத்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆண்டுக்கு 200 டன் தயாரிக்கும் ஆலையை 2010இல் லெவர்கூசனில் திறந்தது. மூன்றே ஆண்டில் அந்தத் தொழிலை விட்டு விலகியது. பயன்பாடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன, தங்கள் முதன்மைத் தொழிலோடு ஒட்டவில்லை என்று காரணம் சொன்னது. சரக்கு இருந்தது, வாங்க ஆள் இல்லை. பின்னர் மின்வாகனங்கள் பெருகின. லித்தியம் அயனி பேட்டரிகளின் மின்முனைகளில் மின்சாரம் தடையின்றி ஓட இந்தக் குழாய்களைக் கலக்கிறார்கள். இப்போது அதே சரக்கைப் பேட்டரி செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

டிவி நிறுவனங்களின் அடுத்த ஆசை, மின்சாரம் பாய்ந்ததும் குவாண்டம் புள்ளிகள் தாமாகவே ஒளிர வேண்டும் என்பது. ஆய்வுக்கூடத்தில் அதுவும் நடக்கிறது. சிவப்பும் பச்சையும் நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. ஆற்றல் அதிகமுள்ள நீலம்தான் சீக்கிரம் மங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் ஓட வேண்டிய டிவிக்கு அது போதாது. நீலப் புள்ளியின் ஆயுள் கூடும்வரை, கடையில் இருக்கும் குவாண்டம் டிவிகளுக்கு வேறொரு நீல விளக்கின் துணை தேவைப்படும்.