நோவும் தெரியாது, வேர்வையும் வராது

மீன் பொரிக்கும்போது சூடான தாச்சியில் கை பட்டுவிட்டால் "உம்மா!" என்று கத்திக்கொண்டு கையை இழுத்துக்கொள்கிறீர்கள். யோசித்து இழுப்பதில்லை. நோவுதான் இழுக்க வைக்கிறது. அல்லாஹ் தந்த நிஃமத்துகளை எண்ணும்போது நோவை நம்மில் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நோவே அறியாமல் பிறக்கும் பிள்ளைகள் உலகில் இருக்கிறார்கள், சகோதரிகளே. அவர்களைப் பெற்ற உம்மாமாரிடம் கேட்டால் நோவின் பெறுமதி தெரியும்.

இது மிக அரிதான ஒரு பரம்பரை நோய். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சிபா' என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நோவு தெரியாது, சூடு குளிர் தெரியாது, வேர்வையும் வராது. உம்மா அணைப்பதும் முத்தமிடுவதும் தெரியும். பசித்தால் கண்ணீர் விட்டு அழுவார்கள். தடுப்பூசி போடும்போது மட்டும் அழமாட்டார்கள். "பொறுமையான பிள்ளை" என்று கிளினிக்கில் மெச்சுவார்கள்.

முதலில் வருவது பெரும்பாலும் காய்ச்சல். கிருமி எதுவும் அகப்படாது. வெயில் ஏற ஏற உடம்பும் கொதிக்கும். வேர்வை இல்லாததால் சூடு வெளியேற வழியில்லை. இந்நோயுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மூன்று வயதுக்கு முன்பே இப்படிச் சூடேறி இறந்துவிடுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

பிறகு பல் முளைக்கும். பிள்ளை தன் நாக்கையும் உதட்டையும் விரல் நுனிகளையும் இரத்தம் வர வரக் கடிக்கும். நடக்கத் தொடங்கியதும் கால் முறியும். முறிந்த காலோடேயே ஓடும். ஆறாத புண் எலும்புவரை போய்ச் சீழ் பிடிக்கும். புத்தி வளர்ச்சி பிந்தும் பிள்ளைகளும் பலர். தீக்காயமும் முறிவுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் தாயைப் பார்த்து, "நீதான் அடித்தாயா?" என்று சந்தேகப்பட்ட சம்பவங்களும் உண்டு. நோயைவிட அதுதான் கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணம் 1996இல் யப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களால் கண்டுபிடிக்கப்பட்டது. முதலாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகு பழுதடைந்திருக்கிறது. கருவில் நரம்புகள் பிழைத்து வளர ஒரு புரதம் வேண்டும். அப்புரதத்தைக் கண்டறிந்ததற்காகவே இத்தாலியப் பெண் விஞ்ஞானி ரீட்டா லெவி மொன்டல்சினி 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புரதம் பூட்டைத் திறக்கும் சாவி என்றால், இப்பிள்ளைகளில் பழுதானது பூட்டு. ஆகவே நோவையும் சூட்டையும் அறிவிக்கும் நரம்புகளும், வேர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புகளும் அழிந்துபோகின்றன. சுரப்பி இருக்கிறது, அதற்குக் கட்டளை போவதில்லை.

நெகவ் பாலைவனத்தில் வாழும் பதவீ அறபிகளிடையே இந்நோய் மற்ற இடங்களைவிட அதிகம். அங்கே பெரும்பாலான நோயாளிகளில் காணப்படுவது ஒரே வகைப் பழுதுதான். முன்னோர் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடிப்பதால் அது மீண்டும் மீண்டும் சந்தித்துக்கொள்கிறது. வேர்வை இல்லாத பிள்ளைக்குப் பாலைவன வெயில்!

அவர்கள் சாச்சா மகளை எடுப்பார்கள். நாம் மாமி மகன், மாமா மகள் என்று பார்ப்போம். இரத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றே. மார்க்கம் இதை ஆகுமாக்கியிருக்கிறது, கடமையாக்கவில்லை. சொந்தத்தில் முடித்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சுகமாகவே பிறக்கிறார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு நூற்றுக்கு 3 என்பது முதல் முறைச் சொந்தத்தில் 6 ஆகக் காணப்பட்டது. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே இப்படியொரு பிள்ளை இருந்தால், இன்னொரு சொந்தக் கலியாணம் பேசும் முன் டொக்டரிடம் போங்கள்.

பழியை மட்டும் உம்மாவின் தலையில் போடாதீர்கள். பழுது உம்மாவிடமிருந்தும் வாப்பாவிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் நோய். இருவரும் சுகதேகிகளாகவே இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று கணக்குப் போடக் கூடாது.

குணமாக்கும் மருந்து இல்லை, காவல்தான் வைத்தியம். ஈரத்துணி, விசிறி, நிழல் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். குளிக்கும் தண்ணீரை முதலில் உங்கள் முழங்கையால் பாருங்கள். இரவில் படுக்கவைக்கு முன் வாய், கண், உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கண்ணில் தூசி விழுந்தாலும் பிள்ளை சொல்லாது. மூட்டு வீங்கியிருந்தால், அழவில்லை என்பதற்காக விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை செய்வதென்றால் "இதற்கு நோவு தெரியாதே, மயக்க மருந்து எதற்கு?" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மயக்க மருந்து கொடுப்பதும் உடற்சூட்டைக் கவனிப்பதும் அவசியம். நோயின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய் முன்கூட்டியே அந்த டொக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.