மீன்பாசி ஏலமும் சேரியின் ஊத்தாவும்

கோடையில் கண்மாய்கள் வற்றத் தொடங்கியதும் மதுரை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான செய்தி வெளியாகும். மேலூர்ப் பகுதியில் ஏதேனும் ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்திருக்கும். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த மக்கள் ஊத்தா, கச்சா, வலையுடன் இறங்கி விரால், கெளுத்தி, கெண்டை என அள்ளிச் சென்றிருப்பார்கள். ‘சாதி, மத வேறுபாடின்றி’ என்ற சொற்றொடர் எங்கேனும் ஓரிடத்தில் தவறாமல் இருக்கும். அந்த ஒரு நாளுக்கு இப்படி எழுத வேண்டியிருப்பதே மற்ற நாட்களின் நிலையைச் சொல்லிவிடுகிறது. துண்டு யார் கையில் இருந்தது என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை.

நிலமற்ற கூலிக் குடும்பத்திற்குக் கண்மாய் மீன் வேடிக்கைப் பொருளன்று. கறி வாங்கக் காசில்லாத வீட்டில் மீனும் நண்டும் நத்தையுமே காசின்றிக் கிடைக்கும் சத்துணவு. ஊத்தா இல்லாத பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று கையால் தடவியே குரவையைப் பிடித்துவிடுவார்கள். பிடித்த மீனைச் சாம்பலிட்டுக் கல்லில் உரசிக் கழுவி, மண்சட்டியில் புளி கரைத்துக் குழம்பு வைப்பார்கள். மிஞ்சியதைக் கீறி உப்பிட்டுக் காயவைத்தால் பல நாட்களுக்குக் கருவாடு. அயிரை மட்டும் தனிப் பக்குவம் கேட்கும்; உயிருடன் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைக்க வேண்டும். அதே அயிரைக் குழம்பு இன்று மதுரை உணவகங்களில் விலையுயர்ந்த பண்டம். திருவிழாவில் பிடித்த மீனை விற்கக் கூடாது, சமைத்தே உண்ண வேண்டும் என்பது பல ஊர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நாள் வருவதற்கு முன்பே பெரிய மீன்கள் குத்தகைதாரரின் வலையில் விலையாகிப் போயிருக்கும்.

சிக்கல் இந்தக் குத்தகையில்தான் இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. இரண்டுமே பொதுச் சொத்து. தாளில் மீன்பாசிக் குத்தகை பொது ஏலம். நடைமுறையில் பல ஊர்களில் அதற்கு முன்பே ‘ஊர் ஏலம்’ முடிந்திருக்கும். யார் கேட்பது, எவ்வளவுக்குக் கேட்பது என்பது கோயில் வாசலில் முடிவாகும். பணம் ‘ஊர்ப் பொது’வில் சேரும். அந்த ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் சேரி இல்லை. வரவு செலவைக் கேட்கும் உரிமையும் அதற்கு இல்லை.

மேலவளவை இந்தப் பின்னணியில்தான் நாம் படிக்க வேண்டும். 1996-இல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், உடனிருந்த தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதை ஒரு நாற்காலிக்கான பகையாக மட்டும் சுருக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. ஊராட்சித் தலைவர் என்பவர் ஊரின் பொது வரவுகளைக் கணக்குக் கேட்கும் அதிகாரம் பெற்றவர். குளமும் மரமும் புறம்போக்கும் அந்தக் கணக்கில் வரும்.

1927 மார்ச் 20 அன்று மகத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் கையால் அள்ளிக் குடித்தது தண்ணீர். அதன் வழித்தோன்றலாகவே அரசமைப்பின் 15(2) பிரிவில் குளம், கிணறு, படித்துறை ஆகியவை இடம்பெற்றிருப்பதை நாங்கள் பார்க்கிறோம். ஆயினும் குளத்தில் நீர் அருந்துவது வேறு, குளம் தரும் வருவாயில் பங்கு கேட்பது வேறு. முன்னதைச் சகித்துக்கொள்ளும் ஊர், பின்னதற்கு அரிவாளை எடுக்கிறது.

சட்டம் இங்கே நம் பக்கம் தெளிவாக நிற்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3(1)(za)(A) பிரிவு, பொதுவள ஆதாரங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஏலம் கேட்டதற்காகக் கூலி வேலையை மறுத்தாலோ, கடையில் பொருள் தர மறுத்தாலோ, அது 3(1)(zc) பிரிவின்படி சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு. இரண்டுக்கும் தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. ‘முதலில் விசாரிக்கிறோம்’ என்று காவல் நிலையம் தட்டிக்கழிக்க இயலாது. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என 18A பிரிவு கூறுகிறது.

ஆனால் வழக்கு நிற்பதற்குத் தாள் வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளின் ஏல அறிவிப்பு, கேட்டவர் பட்டியல், முடிந்த தொகை, அறிவிப்பு ஒட்டப்பட்ட இடங்கள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். சேரியில் தண்டோரா போடப்பட்டதா என்பதை ஒரு தனிக் கேள்வியாகவே எழுதுங்கள். அடுத்த ஏலத்தில் வைப்புத்தொகை கட்டிப் பெயரைக் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். கட்ட விடாமல் தடுத்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். இவையனைத்தையும் ஏலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். கண்மாய் வற்றி, துண்டு வீசப்பட்ட பிறகு எங்களிடம் வரும் மனுக்களில் அந்த ஆண்டு மீனைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.